சங்கத்தின் பாஸ்வேர்டு

வரிசையாகச் சொல்கிறேன், நண்பரே. வரிசை மாறினால் நியாயமும் மாறிவிடும். நிர்வாகம் எப்போதும் நடுவிலிருந்துதான் பேச்சைத் தொடங்கும். "நடந்தது நடந்துபோச்சு, இனி என்ன செய்யலாம்னு பாப்போம்" என்பார்கள். அந்த இடத்தில்தான் தொழிலாளி தோற்கிறான். நான் விட மாட்டேன். முதலிலிருந்து வாருங்கள் என்பேன்.

முதல் அநீதி, தேநீர். பொன்னூற்று பால் நிறுவனம் என்று பெயர். பெருந்துறையிலிருந்து கிளைச்சாலையில் உள்ளே போக வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பாலெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் தொழிலாளிக்குக் கொடுத்த தேநீர் பால் பவுடரில் போட்டது. போராடினோம். பால் வந்தது.

இரண்டாவது, கைரேகை. வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். கேன் கழுவுகிற பெண்களின் விரல்கள் வெந்நீரிலும் சோடாவிலும் ஊறி ஊறி வழவழவென்று இருக்கும். இயந்திரத்துக்கு அவர்களைத் தெரியவில்லை. ஆளே நேரில் நிற்கிறார், ஆனால் ஆப்சென்ட். போராடினோம். பழைய நோட்டு திரும்பி வந்தது.

மூன்றாவது, செல்போன். வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். மேலாளர்கள் போடவில்லை. போராடினோம். பெட்டியில் இப்போது பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, போனஸ் கடிதம். ஐந்தாவது, பாஸ்வேர்டு. இந்த இரண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் உபயோகப்படும். நீங்கள் கம்பெனி கம்பெனியாகப் போய், இணையவழிப் போர் வந்தால் எப்படித் தற்காத்துக்கொள்வது என்று வகுப்பெடுப்பவர் என்றீர்களே? நல்ல வேலை. அதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நான் ஒரு போரில் நேரடியாகப் பங்கெடுத்தவன். டிக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவிநாசியில் பஸ்சில் செக்கிங் ஏறுவார்கள்.

போனஸ் கடிதம் தீபாவளிக்கு முன்பு வந்தது. நான் டெஸ்பாட்ச் பிரிவு. எங்களுக்கும் கம்ப்யூட்டர் உண்டு. 'இந்த ஆண்டு போனஸ் விவரம் அறிய இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. அழுத்தினேன். கம்பெனியிலேயே முதலில் அழுத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். உரிமை என்று வந்தால் முன்வரிசையில் நிற்பது என் வழக்கம். அழுத்தியதும் திரை முழுக்கச் சிவப்பு. 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். இது நிர்வாகம் நடத்திய சோதனை' என்று எழுத்து வந்தது.

அழுத்தியவர்களையெல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்து வகுப்பு நடத்தினார்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்குத் திவாகர் என்று ஓர் அதிகாரி. சென்னைக்காரர். மரியாதையான ஆள்தான், குறை சொல்ல மாட்டேன். "எதிரி இப்படித்தான் ஆசை காட்டி அனுப்புவான் தோழர். தெரியாத இடத்துல இருந்து வர்றத அழுத்தக் கூடாது" என்றார்.

நான் எழுந்தேன். "போனஸ் ஆசையா, உரிமையா?"

"நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"ஆசையா, உரிமையா? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க."

"உரிமைதான் தோழர்."

"உரிமையத் தொட்டவங்களக் குத்தவாளி மாதிரி உட்கார வெச்சிருக்கீங்க. அதை எழுதிக் குடுங்க."

அறையே கைதட்டியது. வகுப்பு அத்தோடு முடிந்தது. அவர் சொல்ல வந்த பாக்கி என்னவென்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நீங்கள் எல்லாக் கம்பெனியிலும் சொல்லுங்கள். சோதனை நடத்து, வேண்டாம் என்று சொல்லவில்லை. போனஸை வைத்து நடத்தாதே. பசித்தவன் முன்னால் பிளாஸ்டிக் பழத்தை வைத்துவிட்டு, கடித்தாயே முட்டாள் என்று சிரிப்பது பாதுகாப்பு ஆகாது.

அடுத்தது ஐந்தாவது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது. மாதாமாதம் மாற்ற வேண்டும். பக்கத்து நாற்காலியில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு சொல்லை மறைக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. தொழிலாளிகளுக்குள் ரகசியம் புகுந்தால் சங்கம் செத்தது என்று அதில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கண்ணெதிரே நடந்தது. ஒருவர் லீவு போட்டால் அவர் இடத்தில் உட்காருகிறவருக்குக் கம்ப்யூட்டர் திறக்காது. லாரி நிற்கும். லாரி நின்றால் மெமோ. ரகசியம் அவர்களுடையது, மெமோ எங்களுக்கு.

கறுப்புப் பட்டை அணிந்தோம். வாயிற்கூட்டம் போட்டோம். பொது மேலாளர் ராமபத்ரன் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். திவாகர் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாத்தாம விட்டா ஆபத்து சார்" என்று மன்றாடினார். பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாசாமாசம் மாத்தறது எனக்கே எரிச்சலா இருக்குய்யா. கல்யாண சீசன் தயிர் ஆர்டர் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்." மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இருவரும் ஒரே கருத்தில் நின்றது அதுதான் முதல் முறை.

பொதுக்குழுவைக் கூட்டினேன். தீர்மானம் இதுதான். கம்ப்யூட்டர் தொடுகிற சங்க உறுப்பினர் அனைவரும் ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொள்வது. இதை நிர்வாகம் தடுக்க முடியாது பாருங்கள். யார் எதை வைத்துக்கொள்வது என்பது அவரவர் உரிமை. எல்லாரும் ஒன்றையே வைத்துக்கொள்வது எங்கள் ஒற்றுமை.

விவாதம் சூடாக நடந்தது. 'ஒற்றுமை' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

"எண்ணும் வேணுமாமுங்க தோழர்."

"பெரிய ஸ்ட்ரைக் நடந்த வருசத்தப் போடு."

"கூடவே ஏதோ குறி ஒண்ணு கேக்குதுங்க."

"ஆச்சரியக்குறி போடு. கோசத்துக்கு ஆச்சரியக்குறி இல்லாமயா?"

பாய்லர் குப்பண்ணன் கை தூக்கினார். "ஒண்ணு போதுமுங்களா? நம்ம நோட்டீசுல எப்பவும் மூணு போடறதுதானுங்களே."

வாக்கெடுப்பு நடத்தினேன். ஒன்று போதும் என்பது பெரும்பான்மை. குப்பண்ணனின் மாற்றுக் கருத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினோம். ஜனநாயகம் என்றால் அதுதான்.

கோகிலவாணி அப்போது ஒன்று சொன்னார். தோழர் கோகிலவாணி பால் இறக்குமிடத்தில் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர். லாரி வந்ததும் எடை, கொழுப்பு எல்லாம் அவர் தட்டி ஏற்றினால்தான் பால் உள்ளே போகும். அவருடைய அப்பா எங்கள் கம்பெனி டேங்கர் டிரைவர், டூட்டியில் இறந்துபோனார். அந்த வேலையை மகளுக்கு வாங்கித் தந்தது நான். வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து வாங்கித் தந்தேன். அந்த வேலையில்தான் அவர் குடும்பம் சாப்பிடுகிறது.

"அண்ணா, இத நோட்டீசுல போடாம வாயில சொல்லிட்டாப் போதாதுங்களா?" என்றார்.

"நமக்குள்ள ஒளிச்சு வெக்கறதுக்கு என்ன அம்மணி இருக்குது?" என்றேன். எங்கள் சங்கத்தில் ஒரு மரபு உண்டு. தீர்மானம் போட்டால் அன்றைக்கே துண்டறிக்கை. ஒரு எழுத்து விடாமல் போடுவோம். தேநீர்த் தீர்மானத்திலிருந்து இன்றுவரை அச்சாகாத தீர்மானம் ஒன்றுகூட இல்லை. மக்களிடம் மறைக்கிற சங்கம் முதலாளியிடம் விலைபோன சங்கம்.

அடித்தோம். வாசலில் ஒட்டினோம், தேநீர்க் கடையில் ஒட்டினோம், பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் ஒட்டினோம். நிர்வாகத்தில் ஒருவரும் எங்கள் துண்டறிக்கையைப் படிப்பதில்லை, அது வேறு விஷயம். சங்கத்துக்கு ஃபேஸ்புக் பக்கமும் உண்டு. அதிலும் போட்டோம். கோகிலவாணி உட்படத் தோழர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையாக நின்று துண்டறிக்கையைத் தூக்கிப் பிடித்த படம். அழகான படம். அட்டையில் பெயரும் எண்ணும்கூடப் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பணியாளர் எண்ணைத்தான் கம்ப்யூட்டரில் முதலில் அடிக்க வேண்டும், பிறகு பாஸ்வேர்டு. அந்தப் படத்துக்கு வெளிநாட்டிலிருந்துகூட ஒருவர் லைக் போட்டிருந்தார். பெயர் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. சர்வதேச ஒருமைப்பாடு இன்னும் சாகவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்கள், காற்று காதில் அறைகிறது. சரி. போருக்கு வருவோம்.

கல்யாண சீசன். காலை ஷிப்டுக்குப் போகிறேன், எல்லாத் திரையும் கறுப்பு. நடுவில் ஆங்கிலத்தில் சில வரிகள். திவாகர் வியர்த்து வழிந்தபடி அர்த்தம் சொன்னார். 'உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம். பணம் கொடுத்தால் சாவி தருவோம். கெடு தாண்டினால் எல்லாவற்றையும் அழிப்போம்.'

நான் அதைப் பலமுறை பார்த்தேன். ஒரு துண்டறிக்கை என்ற முறையில் மிகவும் மோசமானது. கோரிக்கை இருக்கிறது, கோரிக்கைக்கு விளக்கம் இல்லை. கெடு இருக்கிறது, பேச்சுவார்த்தைக்கு அழைப்பு இல்லை. அச்சக முகவரி இல்லை. நாங்களும் கெடு வைத்திருக்கிறோம், நாங்களும் வேலையை நிறுத்தியிருக்கிறோம். ஆனால் ஒரு பால் பாக்கெட்டை நாங்கள் கடத்தியது கிடையாது. இவர்களுக்குப் போராட்டம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே?" என்று திவாகரைக் கேட்டேன்.

"இருக்கு. அதே மெஷின்லதான் இருக்கு. அதுவும் பூட்டிடுச்சு. தனியா ஒரு டிஸ்க் வாங்கி, கழட்டி வெளிய வைக்கணும்னு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க."

பார்த்தீர்களா? வீட்டுக்கு மாற்றுச் சாவி செய்து அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்கு மாலை போட்டார்கள், சந்தனம் வைத்தார்கள். பாதுகாப்பு வாரம் என்று கோலப்போட்டி நடத்தினார்கள். டிஸ்க் மட்டும் வாங்கவில்லை. நிர்வாக அலட்சியம் என்பது இதுதான். உங்கள் வகுப்பில் தாராளமாகச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

வெளியே பால் லாரிகள் சாலை வரை நின்றன. கம்ப்யூட்டர் எடை பார்த்து ஒத்துக்கொண்டால்தான் குழாய் திறக்கும். லாரி நிறையப் பால் இருக்கிறது. எல்லாரும் அதைப் பார்க்கிறோம், வாசம் வருகிறது. ஆனால் அது பால்தான் என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் சொல்லவில்லை. பொது மேலாளர் ஓடி வந்தார். "கையால தொறந்து இறக்குங்கய்யா. காகிதத்துல எழுதிக்கலாம்."

நான் குறுக்கே நின்றேன். "கையால இறக்கறது புது வேலை. புது வேலைக்குப் புது ஒப்பந்தம்."

"தோழர், பால் திரிஞ்சிருமுங்க" என்றார் குப்பண்ணன்.

"மாடு நாளைக்கும் கறக்கும். உரிமை கறக்குமா?" என்றேன்.

பேச்சுவார்த்தை நடந்தது. கைவேலைப்படி என்று ஒன்றைக் கேட்டேன். அவர் இழுத்தார், நான் இழுத்தேன். வெயில் ஏறியது. கடைசியில் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் நின்றுபோனால் தொழிலாளிக்குத் தனிப்படி என்று எனக்குத் தெரிந்து வேறு எந்தப் பால் கம்பெனியிலும் இல்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெற்றி முழக்கத்தோடு வெளியே வந்தோம். முதல் லாரியைத் திறந்தார்கள். கட்டி கட்டியாக விழுந்தது. மொத்தத்தையும் ஓடையில் கொட்ட வேண்டியதாயிற்று. ஊரெல்லாம் புளித்த வாடை. பால் ஊற்றிய விவசாயிகள் எங்களைப் பார்த்த பார்வை சரியில்லை. அவர்களுக்கு அரசியல் தெளிவு போதாது. அதற்கும் ஒரு துண்டறிக்கை போட்டோம்.

மறுநாள் பொது மேலாளர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். "இது எதிரி நாடு நம்ம மேல தொடுத்திருக்கிற போர்" என்றார். ஒரு நிருபர், "எந்த நாடுங்க?" என்று கேட்டார். "விசாரணை நடக்குது." "மோர் பாக்கெட் மேலயா சார் போர் தொடுப்பாங்க?" பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்களும் அன்றைக்கே அறிக்கை விட்டோம், இது ஏகாதிபத்தியத் தாக்குதல் என்று. இரண்டாவது முறையாக நிர்வாகமும் நாங்களும் ஒரே கருத்து. பத்திரிகையில் இரண்டு அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. நல்லாத்தான் இருந்தது.

அங்கேதான் கதை திரும்பியது. நிறுவனம் இப்படிப்பட்ட இழப்புக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தது. டிஸ்க் வாங்காதவர்கள் இன்சூரன்ஸ் மட்டும் வாங்கியிருந்தார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். 'உங்கள் பொது மேலாளரே இது போர் என்று சொல்லியிருக்கிறார். போரினால் வந்த சேதத்துக்கு எங்கள் பாலிசியில் இழப்பீடு கிடையாது.'

ஒரே நாளில் போர் முடிந்துவிட்டது, நண்பரே. எதிரி நாடு திரும்பிப் போய்விட்டது. போர் இல்லை என்றால் வேறு என்ன? ஊழியர் கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு இழப்பீடு உண்டு. அதற்கு ஓர் ஊழியர் வேண்டும். திவாகர் தோண்டிப் பார்த்ததில், திருடன் வெளியூரிலிருந்து கோகிலவாணியின் எண்ணைப் போட்டு உள்ளே வந்திருக்கிறான். முதல் முயற்சியிலேயே பாஸ்வேர்டு சரியாக இருந்திருக்கிறது. அன்று மாலையே கோகிலவாணி சஸ்பெண்டு. பாஸ்வேர்டை அவர்தான் யாருக்கோ சொல்லிவிட்டார் என்று குற்றச்சாட்டு. நிரூபித்தால் வேலைநீக்கம்.

நான் வாங்கித் தந்த வேலை. விடுவேனா? விசாரணை நடக்கட்டும், ஆனால் சங்கத்தின் சார்பில் நான் வாதாடுவேன், சங்கத்தின் சாட்சிகள் உட்கார்ந்திருக்க வேண்டும், எந்தத் தாளாக இருந்தாலும் சாட்சிகள் முன்னிலையில் முழுவதும் வாசிக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன்.

முந்தின நாள் கோகிலவாணி சங்க அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, நாளைக்கு அந்த நோட்டீச மட்டும் காட்டாதீங்க."

"அதுதான் அம்மணி நம்ம ஆயுதம்."

"நான் கவனமில்லாம யாருகிட்டயோ சொல்லிட்டேன்னு சொல்லிக்கறேனுங்க. எச்சரிக்கையோட விட்டாலும் விட்டுருவாங்க."

"விடலீன்னா?"

"விடலீன்னா திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போறேனுங்க. எனக்கு இன்னும் வயசிருக்குதுங்க. நீங்க ரிட்டயர் ஆகறதுக்கு இன்னுங் கொஞ்ச நாள்தானுங்களே, அதுவரைக்கும்..." என்று நிறுத்திவிட்டு அழுதார்.

என் ஓய்வுக்கும் அவருடைய வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பயம் வந்தால் மனிதர்கள் தொடர்பில்லாமல் பேசுவார்கள். அவர் அப்பாவும் கொஞ்சம் பயந்த ஆள்தான். "நிமிர்ந்து நில்லு அம்மணி" என்று சொல்லி அனுப்பினேன்.

விசாரணை நடத்த ஈரோட்டிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். பொது மேலாளர் ஒரு பக்கம், இன்சூரன்ஸ் ஆள் ஒருவர் மூலையில். சங்கத்தின் சாட்சிகளாகக் குப்பண்ணனும் டேங்கர் ஓட்டுகிற நாச்சிமுத்துவும். திவாகர் நிர்வாகத் தரப்பு. தொடங்கியதும் வக்கீல் கோகிலவாணியைக் கேட்டார், "பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தானேம்மா தெரியும்?"

"ஆமாங்க" என்றார் கோகிலவாணி.

பொய்! சங்க உறுப்பினர் ஒருவர் என் கண்முன்னே பொய் சொல்கிறார். துள்ளி எழுந்தேன்.

"ஆட்சேபிக்கிறேன்! அது அவருக்கு மட்டும் தெரிஞ்சதில்ல. எங்க உறுப்பினர் எல்லாருக்கும் தெரியும். தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியும். பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல பஸ்சுக்கு நிக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். ஊருக்கே தெரிஞ்சத இந்த ஒரு பொண்ணு வெளிய சொன்னான்னு எப்படிச் சொல்றீங்க? இதோ ஆதாரம்!"

மேசைமேல் வைத்தேன். வக்கீல் தாளை எடுத்தார், பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாஸ்வேர்ட நோட்டீஸ் அடிச்சு ஒட்டினீங்களா?"

"எல்லா இடத்துலயும்" என்றேன். "ஃபேஸ்புக்லயும்."

"அப்ப இந்தம்மா மேல குற்றச்சாட்டு நிக்காது."

அவ்வளவுதான். ஒரே அடி. பொது மேலாளர் ராமபத்ரன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் கையைத் தொட்டதில்லை. தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வரவழைத்தார், அசல் பாலில். இன்சூரன்ஸ் ஆளின் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று. எதிரியே மதிக்கும்படி வாதாடுவது என்பது எல்லாருக்கும் வாய்க்காது, நண்பரே.

முந்திக்கொண்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெற்றியை அவர்களால் உள்ளுக்குள் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த வாரமே என்னை வேலைநீக்கம் செய்தார்கள். பணிக்கொடையையும் நிறுத்திவைத்தார்கள். பச்சையான பழிவாங்கல். ஓய்வுபெற இருந்தவனை! இன்சூரன்ஸ் பணம் அவர்களுக்கு வந்துவிட்டதாம். எப்படி வாங்கினார்களோ, அதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது. கோயமுத்தூர் லேபர் கோர்ட்டில் அந்த வழக்குக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். கோகிலவாணி மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் செலவுக்கு என்று அவ்வப்போது யார் மூலமாகவோ பணம் கொடுத்தனுப்புகிறார். நான் வாங்குவதில்லை.

ஆனால் அன்றைக்கு வருவோம். வக்கீல் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "போதும், இத ஆவணமா எடுத்துக்கறேன்" என்றார்.

"எடுத்துக்கிட்டாப் போதாது" என்றேன். "சாட்சிகள் முன்னிலையில வாசிக்கணும். எழுதி வாங்கியிருக்கேன்."

"அண்ணா, வேண்டாங்கண்ணா" என்று கோகிலவாணி என் சட்டையைப் பிடித்தார்.

"நீ சும்மா இரு அம்மணி. செயிச்சாச்சு."

வக்கீல் திவாகரிடம் தாளைக் கொடுத்தார். திவாகர் எழுந்து நின்று வாசித்தார். தீர்மானத்தை வாசித்தார். ஒரே பாஸ்வேர்டு ஏன் தேவை என்பதற்கான அரசியல் விளக்கத்தை வாசித்தார். நான் எழுதியது. அவர் குரலில் கேட்கும்போது இன்னும் நன்றாக இருந்தது. பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக வாசித்தார், எண்ணை வாசித்தார், ஆச்சரியக்குறியையும் விடவில்லை. பிறகு தாளை மடிக்கப் போனார்.

"இவ்வளவுதான் சார்."

"இவ்வளவில்ல" என்றேன். "கீழ இன்னும் ஒரு வரி இருக்குது."

"அது தேவையில்ல தோழர்." என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார், "சொன்னாக் கேளுங்க. யார் வெளியிட்டாங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல."

பார்த்தீர்களா? தீர்மானம் வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், அதை எழுதியவனை மட்டும் இருட்டடிப்புச் செய்ய வேண்டும். கடைசி நிமிடத்தில்கூட!

"தேவையா இல்லையான்னு நிர்வாகம் முடிவு பண்ணக் கூடாது" என்றேன். "முழுசா வாசிங்க. சாட்சிகளுக்குக் கேக்கற மாதிரி சத்தமா வாசிங்க."

கோகிலவாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனந்தத்தில் சிலருக்கு அப்படி வரும். குப்பண்ணன் தரையைப் பார்த்தார். நாச்சிமுத்து, "தோழர்..." என்று ஏதோ தொடங்கி விட்டுவிட்டார். வக்கீல் பேனாவைத் திறந்தார். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றேன்.

திவாகர் தாளை மறுபடி விரித்தார். சாட்சிகளின் பக்கம் திரும்பி, அந்த அறைக்கே கேட்கும்படி வாசித்தார்.

"இவண், பொதுச்செயலாளர், தோழர் ச. சென்னியப்பன்."